பழுதை வரவழைத்தல்

கேம் ஆடும்போது மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர், பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு தீர்ப்போடுதான் வந்து சேர்கிறது. “கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு” என்றோ “எஸ்எம்பிஎஸ் தாங்கல” என்றோ யாராவது முன்பே சொல்லி அனுப்பியிருப்பார்கள். பிரவுசர் திறக்கிறது, சினிமா ஓடுகிறது, நாள் முழுக்க டைப் அடிக்கலாம். கேமைத் தொடங்கி 20 நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. அப்படியானால் கேமுக்காக வாங்கிய பாகம்தான் கெட்டிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பை நம்பி அரை லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார்டு போட்ட பிறகும் அதே 20-ஆவது நிமிடத்தில் அதே கறுப்புத் திரை வரும்போது, பணத்தோடு சேர்ந்து இந்தத் தொழிலின் மேல் இருந்த நம்பிக்கையும் போகிறது. ஆகவே இந்த வேலையில் ஒரு விதியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். பழுதை நாம் நினைத்தபோது வரவழைக்கவும் நினைத்தபோது நிறுத்தவும் முடிகிற வரை அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை எந்தப் பாகத்தையும் வாங்கச் சொல்லக் கூடாது.

“கேமில் மட்டும்” என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாப் பாகங்களையும் ஒரே நேரத்தில் கடுமையாக வேலை வாங்குவது பெரும்பாலும் கேம் மட்டுமே. பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, இவை அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், கேபினட்டுக்குள் தேங்கும் சூடு என எல்லாம் அப்போதுதான் உச்சத்தைத் தொடுகின்றன. கேமில் மட்டும் நிற்கிறது என்பது கார்டை மட்டும் சுட்டும் சாட்சியம் ஆகாது. எல்லோர் மேலும் சமமாகச் சந்தேகத்தைப் போடுகிறது. சந்தேகத்தைச் சுருக்குவது நின்ற விதம். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறதா, நீலத்திரை வருகிறதா, படம் உறைந்து ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறதா, அல்லது சுவிட்சை அணைத்ததுபோல முழு இயந்திரமும் ஒரே நொடியில் செத்துவிடுகிறதா? கடைசி வகையில் இன்னொரு கேள்வியும் உண்டு. தானாகவே மறுபடி எழுகிறதா, அல்லது சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறதா? பின்னது நடந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த விவரங்களைக் கேட்காமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பவர்கள் பாதிச் சாட்சியத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இயந்திரம் தானே எழுதிவைக்கும் செய்திகள் இருக்கின்றனவே, அவற்றைப் படித்தால் போதாதா என்று கேட்பார்கள். படிக்க வேண்டும், ஆனால் எழுதியது யார், எப்போது எழுதினார் என்று தெரிந்து படிக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம். அந்த வரி, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்த பிறகு எழுதப்படுவது. முன்பு முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். பவர் பட்டனை விரலால் அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே வரிதான் வரும். அதேபோல, கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடி பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதன் டிரைவரைத் தூக்கி மறுபடி நிறுத்தப் பார்க்கும். “டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை” என்று 4101 என்ற எண்ணோடு குறித்துக்கொள்ளும். கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பது அந்தக் குறிப்பில் இல்லை. தவறான தகவலை ரேம் அனுப்பியிருக்கலாம், மின்சாரம் ஒரு கணம் சரிந்திருக்கலாம், கேமே முடியாத வேலையைக் கொடுத்திருக்கலாம். ஒரு பல்லில் சொத்தை இருக்க, வலி இன்னொரு பல்லில் தெரிவதுண்டு. இங்கும் அலறுகிற பாகம் ஒன்றாகவும் அடிபட்ட பாகம் வேறொன்றாகவும் இருக்கும்.

இதற்கு அண்மைக்காலத்தில் கிடைத்த மிகத் தெளிவான சாட்சியம், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வந்த பிரச்சினை. அன்ரியல் என்ஜினில் செய்த கேம்கள் தொடங்கும்போதே “வீடியோ மெமரி போதவில்லை” என்று சொல்லி மூடிக்கொண்டன. சந்தையில் கிடைத்த கார்டுகளிலேயே மேல்மட்டமான, 24 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி வந்தது. செய்தியை அப்படியே நம்பினால் கார்டைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். நடந்தது வேறு. கேமின் கோப்புகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிப்பதும், ஷேடர்களைத் தயார் செய்வதும் பிராசஸரின் எல்லாக் கோர்களையும் விரட்டும் வேலை. அந்த வேலையில் பிராசஸர் ஓரிடத்தில் தப்பாகக் கணக்கிட்டது. விரித்த தகவல் கெட்டுப்போய் வந்து சேர்ந்ததும், பெற்றுக்கொண்ட மென்பொருள் தனக்குத் தெரிந்த வார்த்தையில் அலறியது. கோப்புகளை விரிக்கும் ஊடில் என்ற மென்பொருளை எழுதியவர்கள், கோளாறு தங்கள் நிரலில் இல்லை, பிராசஸரின் நிலையின்மையில் இருக்கிறது என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். அந்த ஏப்ரலில் என்விடியாவும், இந்தச் செய்தி வந்தால் பிராசஸர் நிறுவனத்தை அணுகுங்கள் என்றது. ஜூலையில் இன்டெல், மைக்ரோகோடில் இருந்த தவறு பிராசஸருக்கு வேண்டியதற்கு மேல் வோல்ட்டேஜ் கேட்க வைத்தது என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம் அந்த வேண்டுதலை 1.55 வோல்ட்டுக்குள் அடக்கியது. செப்டம்பரில், கோருக்குள் இருக்கும் கிளாக் சுற்று ஒன்று மிகை வோல்ட்டேஜாலும் வெப்பத்தாலும் தேய்ந்துபோகிறது என்ற விளக்கமும் வந்தது. உத்தரவாதக் காலம் மேலும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால் அந்த நீட்டிப்புக்கு அவசியமும் இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்டெலின் ஒப்புதல் அன்று. அந்த ஒப்புதலுக்குப் பல மாதம் முன்பே, பயாஸிலோ இன்டெலின் சொந்த ட்யூனிங் மென்பொருளிலோ கோர் வேகத்தை ஓரிரு படி குறைத்தவர்களுக்குக் கேம் நிற்காமல் ஓடியது. பழைய வேகத்துக்கு ஏற்றினால் மறுபடி நின்றது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், ஒரே ஒரு எண்ணை மேலும் கீழும் நகர்த்தி, குற்றவாளியை வீட்டிலிருந்தபடியே அடையாளம் காட்டிவிட்டார்கள். பழுதை வரவழைத்து நிறுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வெளிவந்த வாரங்களிலும் இதே பாடம் கிடைத்தது. கார்டின் வேகம் 2000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும் தருணங்களில் கேம் டெஸ்க்டாப்புக்கு விழுந்தது. கார்டின் பின்புறம் பற்றவைத்த கெப்பாசிட்டர்களின் ரகம்தான் காரணம் என்று உலகமே பேசியது; எந்தக் கார்டில் எந்த ரகம் என்று படம் எடுத்து ஒப்பிட்டார்கள். வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தவர்களுக்கு நின்றுபோவது ஓய்ந்தது. பிறகு 456.55 என்ற டிரைவர் வந்தபோது, கெப்பாசிட்டர் எதையும் மாற்றாமலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிட்டது. கெப்பாசிட்டர் கதை கேட்க அழகாக இருந்தது. ஆனால் அதை நம்பியவர்களில் பெரும்பாலோர் பழுதை அணைத்து ஏற்றிக் காட்டியிருக்கவில்லை. வேகத்தைக் குறைத்தவர்கள் காட்டியிருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, இயந்திரத்தை அதன் பாகங்களுக்கு உற்பத்தியாளர் உறுதி கொடுத்திருக்கும் நிலைக்கு இறக்குவது. இங்கேதான் வாடிக்கையாளரின் எதிர்ப்பு அதிகம்: “6000 ரேமுக்குக் காசு கொடுத்தேன், 4800-ல ஓட்டச் சொல்றீங்களே?” அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டியின் மேல் 6000 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஆனால் அந்த 6000, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் பயாஸில் இயக்கினால் வரும் வேகம். அது ரேம் தயாரித்தவர் சொல்லும் எண். ரேமோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி பிராசஸருக்குள் இருக்கிறது. அதற்கு ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசையில் உறுதி சொல்வது 2 ரேம் போட்டால் 5200, 4 ரேம் போட்டால் 3600 மட்டுமே. இன்டெலின் 13-ஆம் தலைமுறை 5600 வரை. அதற்கு மேல் ஓடினால் நல்லது, பெரும்பாலானவை ஓடவும் செய்கின்றன; ஓடாவிட்டால் அது பழுது என்று சொல்ல முடியாது. மேலும், நான் கேட்பது நிரந்தரமாக இறக்கிவைக்க அல்ல, சோதனை முடியும் வரை. எக்ஸ்எம்பியை அணைத்ததும் நின்றுபோவது ஓய்ந்து, போட்டதும் திரும்பினால், ரேம், பிராசஸரின் மெமரிப் பகுதி, மதர்போர்டு என்ற சின்ன வட்டத்துக்குள் வந்துவிட்டோம். கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பணம் போவது நின்றது. அணைத்தும் நிற்கிறது என்றால் அந்த வட்டத்தின் மேல் சந்தேகம் குறைந்து, அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

அடுத்த எண் மின்சாரம். நம் ஊர்களில் இதில் தனிக் கவனம் தேவை. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பழைய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். கேமிங் இயந்திரம் மானிட்டரோடு சேர்ந்து 500 வாட் இழுக்கும் நேரத்தில், மாலையில் வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிந்து யூபிஎஸ் பேட்டரிக்கு மாறினால் அந்த நொடியே எல்லாம் அணைந்துவிடும். அதே சரிவு பிரவுசர் பார்க்கும்போது வந்தால் சுமை குறைவு என்பதால் யாருக்கும் தெரியாமலே கடந்துபோகும். “கேமில் மட்டும் நிற்கிறது” என்ற புகார் இப்படியும் பிறக்கிறது. கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யூபிஎஸ்ஸைத் தவிர்த்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தவிர்த்து, நேரே சுவர் பிளக்கில் செருகி ஆடிப் பார்க்கச் செலவே இல்லை. கேபினட்டுக்குள் போனால் அடுத்தது கேபிள். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. ஒரே கேபிளில் 2 தலை தொங்குகிறதே என்று 300 வாட் கார்டுக்கு அதையே 2 இடத்திலும் செருகிவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக 2 கேபிள் இழுத்தாலே சில இயந்திரங்கள் அமைதியாகிவிடும்.

“எஸ்எம்பிஎஸ் 750 வாட், எல்லாம் கூட்டினாலும் 500 தாண்டல, பிறகெப்படிப் போதாது?” என்ற கணக்கும் அடிக்கடி வைக்கப்படும். கூட்டல் சரிதான், ஆனால் அது சராசரி. நவீனக் கார்டுகள் மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் தம் அறிவித்த அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வரை தாவி இறங்கும். இந்தத் தாவலுக்காகத்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, புதிய கார்டு இணைப்புள்ள எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல் 2 மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று வகுத்தது. பழைய விதிப்படி செய்த 750 வாட் ஒன்று இந்தத் தாவலைக் கோளாறாக எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துக்கொள்ளக்கூடும். மல்டிமீட்டர் 12 வோல்ட் கம்பியில் 12.1 காட்டும், 11.4 முதல் 12.6 வரை அனுமதி என்பதால் பார்ப்பவர் திருப்தியடைவார். அந்த மீட்டரின் வேகத்துக்கு இந்தத் தாவல் தெரியவே தெரியாது. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கி ஆடினால் தெரியும். நின்றுபோவது ஓய்ந்தால் கார்டா எஸ்எம்பிஎஸ்ஸா என்ற இருவர் மிஞ்சுகிறார்கள். முழு இயந்திரமும் சாகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் சாய்கிறேன். இயந்திரம் உயிரோடிருக்க, படம் மட்டும் போகிறது என்றால் கார்டின் பக்கம். இந்த இடத்தில்தான், இதற்கு முன்பு இல்லை, வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கடனாக மாட்டிப் பார்ப்பதற்குப் பொருள் வருகிறது.

சூட்டைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது என்பது என் கருத்து. தூசி தட்டுவதும் பேஸ்ட் மாற்றுவதும் நல்ல பராமரிப்பு. நின்றுபோவதற்கு அவை மருந்தாவது குறைவு. இன்டெல் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலேயே நிலையாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. சூடு முதலில் வேகத்தைத்தான் தின்னும், படம் தடுமாறும். ஆனால் சூடு மற்ற பலவீனங்களை வெளிக்கொணரும் என்பதை மறுக்க மாட்டேன். கார்டு கக்கும் அனல் ரேம் மேல் படும்போது, குளிர்ந்த நிலையில் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையில் இரவு முழுக்கத் தேறிய ரேம் தவறு செய்யலாம். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினால், 20 நிமிடத்தில் நின்றது 1 மணி நேரம் தாங்குகிறதா என்று பார்க்கலாம். தாங்கினால், தகட்டை மாட்டி மறுபடி 20 நிமிடத்துக்குக் கொண்டுவர முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

“ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு மணி நேரம் ஓடிச்சே, அப்ப ஹார்டுவேர் நல்லாத்தானே இருக்கு” என்பதும், “மத்த கேம் எல்லாம் ஓடுது, இந்தக் கேம்தான் மோசம்” என்பதும் ஒரே வகை எதிர்வாதங்கள். ஃபர்மார்க் போன்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் கார்டின் மேல் ஒரே சீரான சுமையை வைக்கிறது. கேம் ஏறி இறங்குகிறது, ஏறும் கணங்களில்தான் நிற்கிறது. ஒவ்வொரு கேமும் வெவ்வேறு பாகத்தை வெவ்வேறு விதத்தில் இழுக்கிறது. இன்டெல் விவகாரத்தில் வேறு பல கேம்கள் சிக்கலின்றி ஓடியபோதே அன்ரியல் கேம்கள் விழுந்தன. அதே நேரம், கேமே குறையோடு வருவதும் உண்மை. 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’, வெவ்வேறு இயந்திரம் வைத்திருந்த ஏராளமானோரிடம் நின்றுபோய், அடுத்தடுத்த திருத்தங்களால்தான் தேறியது. பிரித்தறிய வழி இருக்கிறது. கேமின் குறை பெரும்பாலும் கேமின் ஒரே இடத்தில், பலருக்கும் வரும். வேகத்தையும் மின் வரம்பையும் குறைப்பதால் மாறாது. நம் இயந்திரத்தின் குறை, பெரும்பாலும் இடம் மாறி வரும். அந்த எண்களைக் குறைத்தால் மாறும்.

பாகத்தை மாற்றிப் பார்ப்பதே வேகமான வழி என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் முழுக்க மறுக்கவில்லை. நல்லதென்று தெரிந்த பாகம் கையில் இருந்தால் மாற்றலாம். ஆனால் மாற்றியதும் சரியாகிவிட்டது என்பது பாதிச் சாட்சியமே. பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி, பழுதும் திரும்புகிறதா என்று பார்த்தாக வேண்டும். திரும்பவில்லை என்றால், கழற்றி மாட்டியபோது இறுகிய இணைப்போ, துடைபட்ட தொடுமுனையோதான் மருந்தாகியிருக்கிறது, பாகம் குற்றமற்றது. எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி நிற்கும் இயந்திரம், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 2 மணி நேரம் நிற்காமல் ஓட 100-க்கு 37 வாய்ப்பு இருக்கிறது. 6 மணி நேரம் ஓட 5 வாய்ப்புதான். எனவே சராசரி இடைவெளியைப்போல் 3 மடங்கு நேரம் ஓடாமல் “சரியாயிடுச்சு” என்று சொல்வது ஊகம். அரை மணி நேரம் ஓட்டிக் காட்டி அனுப்பிய இயந்திரங்கள் மறுவாரம் திரும்பி வருவதில் வியப்பில்லை.

ஃபார்மட் அடித்துப் பார்த்துவிடலாம், செலவில்லையே என்ற யோசனையையும் எதிர்க்கிறேன். செலவு உண்டு. நீலத்திரையின்போது விண்டோஸ் எழுதிவைத்த டம்ப் கோப்புகளும், நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழை என்று வந்த வரிகளும், எந்தத் தேதியிலிருந்து தொடங்கியது என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும். டிரைவர் மேல் சந்தேகம் இருந்தால் டிரைவரை மட்டும் சுத்தமாக நீக்கிப் போடலாம். அதற்கு முன் அந்தக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துவைக்கலாம். ஒரே நாளில் பயாஸ், டிரைவர், விண்டோஸ், ரேம் எல்லாவற்றையும் மாற்றி, அதில் ஏதோ ஒன்றால் சரியானால், அது மறுபடி வரும்போது தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எவ்வளவு முயன்றாலும் மேசையில் நிற்காத இயந்திரங்களும் உண்டு. வீட்டு மின்சாரம், வீட்டு வெக்கை, வீட்டு யூபிஎஸ் எதுவும் கடையில் இல்லாததால் பழுதும் வராது. அப்படிப்பட்டதைப் பாகம் எதையும் மாற்றாமல், பாகத்துக்குக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுப்பதே முறை. கூடவே ஒரு தாள் கொடுக்கிறேன்: நின்ற நேரம், ஆடத் தொடங்கி எத்தனையாவது நிமிடம், படம் முதலில் போனதா சத்தம் முதலில் போனதா, அப்போது வீட்டில் ஏசியோ மோட்டாரோ ஓடியதா, மறுபடி எப்படி எழுந்தது. ஒரு வாரம் எழுதிவரச் சொல்கிறேன். மோட்டார் போட்ட நேரங்களோடு நின்ற நேரங்கள் பொருந்தினால், அடுத்து அழைக்க வேண்டியது எலக்ட்ரீஷியனை.